ஃபோர்பே: முன்தேக்கமா, மடுவா, தணிவாயா?

> ஃபோர்பேக்கு 'முன்தேக்கம்' என்று போட்டுவிடலாமே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. ஃபோர்பே (forebay) என்று இங்கே சொல்வது, பம்புக் கிணறுகளுக்கு முன்னால் வாய்க்கால் விரிந்து வேகம் குறைகிற பகுதியை. நாம் தமிழில் எழுதுவது நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பெரிய நீரேற்று நிலையத்தின் விவரக்குறிப்பு. பக்கத்துக்குப் பக்கம் 'தேக்கம்' வருகிறது. நடுவே 'முன்தேக்கம்' என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் அதை மேலே இருக்கும் இன்னொரு ஏரி என்றுதான் படிப்பார். பைக்காரா மின்திட்டத்தின் கிளன்மார்கன் ஃபோர்பே உண்மையிலேயே ஒரு சின்ன அணை; அங்கே அந்தச் சொல் பொருந்தும். மின்துறைக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

நம்முடையதற்கு வேலையே வேறு. ஆற்றிலிருந்து வரும் வாய்க்கால் குறுகலாக, வேகமாக வரும். பம்புகள் நிற்கும் கிணறுகளுக்குள் அது அப்படியே பாய்ந்தால் ஓரத்துப் பம்புக்கு ஒரு மாதிரி, நடுப் பம்புக்கு ஒரு மாதிரி தண்ணீர் போகும். சுழி விழும், சுழி வழியே காற்று இறங்கும், பம்பு அதிரும், பேரிங் போகும். அதனால்தான் வாய்க்காலைப் படிப்படியாக அகலமாக்கி, தரையைச் சரித்து, கிணற்றை நெருங்கும்போது வேகம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சட்டென்று அகலமாக்கினாலும் கெடுதல்தான்: நீரோட்டம் ஒரு சுவரை ஒட்டி ஓடும், மறுபக்கம் தண்ணீர் பின்னோக்கிச் சுற்றும். டெல்டாவில் வண்டல் தொல்லை வேறு. மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது ஆகாயத்தாமரையும் மண்ணும் சேர்ந்தே வரும். வேகம் குறைகிற இடத்தில் மண் படியும். அதனால் நடுச்சுவர் வைத்து, ஒரு பாதியை அடைத்துத் தூர்வார வழி விட்டிருக்கிறார்கள்.

கல்லணையிலிருந்து கடைமடை வரை தண்ணீர் தன்போக்கில் இறங்கியே பழகிய மண் இது. மதகு, கலிங்கு, கதவணை, நீரொழுங்கி எல்லாவற்றுக்கும் சொல் உண்டு, இதற்கு மட்டும் இல்லை. கும்பகோணத்து அன்பர் சொன்ன 'மடு' நல்ல சொல். ஆனால் மடு என்றாலே நம் பக்கம் சுழியைச் சொல்லித்தான் பிள்ளைகளைக் குளிக்கவிடாமல் தடுப்பார்கள். சுழியே கூடாது என்று கட்டுகிற இடத்துக்கு அந்தப் பெயரா? ஏரியைக் குறிக்கும் 'ஏந்தல்' சிவகங்கைப் பக்கம் ஊர்ப்பெயர்களில் வாழ்கிறது; தலைவன் என்றும் பொருள் உண்டு என்பதால் தஞ்சாவூர் மேஸ்திரிக்கு அது முகஸ்துதியாகக் கேட்கும். 'அடங்கல்' என்று எழுதினால் பயிர்க் கணக்கு என்று நினைத்து வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஆள் போய்விடும்.

என் பரிந்துரை 'தணிவாய்'. வேகம் தணிகிற வாய். மடைவாய், தலைவாய் என்று புழங்கும் ஊரில் ஒட்டிக்கொள்ளும்.

அன்புடன்,
திருவாரூரிலிருந்து

---

> என் பரிந்துரை 'தணிவாய்'.

காரணம் சரி, சொல் இடறுகிறது. மாரியம்மனைப் பார்த்து 'சினம் தணிவாய்' என்று வேண்டுவதுபோல் இருக்கிறது. வேற்றுமை உருபு சேர்த்தால் இன்னும் மோசம். 'தணிவாயில் வண்டலை அகற்றுக' என்றால் அது வாயா, வாயிலா? அந்த நிலையத்தில் கதவுகளும் இருக்கின்றன.

'தணி'யை வைத்துக்கொண்டு 'கால்' சேர்ப்போம்: தணிகால். அது வாய்க்காலின் விரிந்த கடைசிப் பகுதிதானே. தணிகாலின் சரிவு, தணிகால் பக்கச்சுவர் என்று எப்படி நீட்டினாலும் பொருள் மாறவில்லை. விவரக்குறிப்பின் கடினமான வரியில் வைத்துப் பார்த்தேன்: "தணிகாலின் இடப்பாதியை அடைத்துத் தூர்வாரும்போது வலப்பாதியின் பம்புகள் தடையின்றி ஓடவேண்டும்." களத்தில் நிற்பவருக்குப் புரியும்.

'நீரேற்று நிலைய'த்தில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டாம். மேட்டூர் உபரிநீருக்குத் திப்பம்பட்டியிலும், அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தின் ஆறு நிலையங்களிலும் அது ஊன்றிவிட்டது. 'பம்பு' என்பதை 'எக்கி' ஆக்கச் சொல்பவர்களுக்குத் தனி இழை திறக்கலாம். இந்த ஆவணத்தில் பம்பு பம்பாகவே இருக்கட்டும்.

பம்பு தண்ணீரை உறிஞ்சும் கிணறான சம்புக்கு (sump) 'உறிகிணறு' என்று எழுதிவைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் வரைபடம் அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.