மைக்ரோவேவில் இறுகும் எப்பாக்சியின் நடுப்பகுதி பழுப்பாவது ஏன்?

கேள்வி:
வணக்கம். பிஸ்பீனால்-ஏ வகை எப்பாக்சிப் பிசினுடன் டிடிஎஸ் (டைஅமினோடைஃபீனைல் சல்ஃபோன்) கடினமாக்கியைக் கலந்து, 2.45 கிகாஹெர்ட்ஸ் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் இறுகவைக்கிறேன். வார்ப்பின் விளிம்பு தெளிந்த மஞ்சளாக இருக்க, நடுப்பகுதி மட்டும் அடர்பழுப்பாகிக் குமிழிகளுடன் வருகிறது. இதைத் தவிர்ப்பது எப்படி? முழுமையாக இறுகியதை எவ்வாறு உறுதிசெய்யலாம்?

மறுமொழி 1:
எப்பாக்சி இறுகும் வினையே வெப்பத்தை வெளியிடுவது. மைக்ரோவேவ் பிசினின் உட்பகுதியையும் நேரடியாகச் சூடாக்குவதால், அந்த வெப்பமும் வினைவெப்பமும் சேர்ந்து, எளிதில் வெளியேற வழியில்லாத நடுப்பகுதியில் வெப்பநிலை கட்டுமீறி உயர்கிறது. வீட்டு அடுப்புகளில் பெரும்பாலானவை, குறைந்த அளவில் வைத்தாலும், முழுத் திறனையே விட்டுவிட்டுத் தருகின்றன; போதாக்குறைக்கு, உள்ளே உருவாகும் நிலையலைகள் சில இடங்களை மட்டும் மிகையாகச் சூடாக்கும். திறனைத் தொடர்ச்சியாகக் குறைக்கவல்ல ஆய்வகக் கருவியும், மின்புலத்தைக் குலைக்காத ஒளியிழை வெப்பநிலை உணரியும் இந்த வேலைக்கு இன்றியமையாதவை என்பதே என் கருத்து. வார்ப்பின் தடிமனையும் குறையுங்கள்.

மறுமொழி 2:
சோதனையைப் பொறுத்தவரை, நடுவிலிருந்தும் விளிம்பிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுங்கள். அகச்சிவப்பு நிறமாலையில் 915 செ.மீ⁻¹ அருகே தெரியும் எப்பாக்சி வளையத்தின் உச்சம், வினையில் மாறாத அரோமேட்டிக் வளைய உச்சத்தோடு ஒப்பிடுகையில் எவ்வளவு தேய்ந்துள்ளது என்று பாருங்கள். மாதிரியைச் சூடாக்கி, அது வெளியிடும் அல்லது உள்வாங்கும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி சோதனையில் எஞ்சிய வினைவெப்பம் தென்பட்டால் இறுகல் முடியவில்லை. கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை (விறைப்பான பிசின் ரப்பர்போல் நெகிழத் தொடங்கும் வெப்பநிலை) ஒப்பிடும்போது ஒரே முறையில் அளந்த மதிப்புகளையே ஒப்பிடுங்கள். மாதிரியை அதிரவைத்து அதன் விறைப்பை அளக்கும் டிஎம்ஏ சோதனையின் டான் டெல்டா (ஆற்றல் இழப்பு விகிதம்) உச்சம் காட்டும் வெப்பநிலை பொதுவாக டிஎஸ்சி மதிப்பைவிட உயர்வாகவே இருக்கும்.