ஆன்லைனில் ரிசர்ச் மெத்தடாலஜி (ஆய்வு முறை) படித்தவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

கம்பத்துக்காரன்:
போன வாரம் என் பிஎச்.டி. ஆய்வைச் சோதிக்கும் டாக்டரல் கமிட்டி. என் தலைப்பு சுயஉதவிக் குழுக் கடன். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயமில் 12 வாரப் பாடம் முடித்துச் சான்றிதழும் வாங்கியாச்சு என்ற தெம்பில் போனேன். எத்தனை பேரிடம் கேட்கிறேன் என்று காட்டும் சாம்பிள் சைஸ் ஸ்லைடு வந்ததும், வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இந்த வருஷம் நான் பார்க்கிற நாலாவது 384 இது. எங்கிருந்து வந்துச்சு?" மொத்தம் இத்தனை பேர் என்றால் இத்தனை பேரை எடுக்கலாம் என்று சொல்லும் கிரெஜ்சி மார்கன் டேபிள் என்றேன். "சரி, அந்த 384 பேரை எப்படிப் பிடிச்சீங்க?" கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கைடு டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுமை என்னவென்றால், இதே 384 அசைன்மென்டில் வந்தது. 'இ' என்று டிக் அடித்து முழு மார்க் வாங்கியவன் நான். வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியது வேறு விஷயம்.

அடுப்படி ஸ்காலர்:
உங்களுக்குச் சான்றிதழாவது கிடைத்தது. கைக்குழந்தையோடு ராத்திரி ராத்திரியாக அசைன்மென்ட் போட்டு 25க்கு 23 எடுத்தேன். தேர்வில் 75க்கு 29. கூட்டினால் 52, ஆனால் ஸ்வயமில் என் பாடத்தை நடத்திய என்பிடெலில் தேர்வுக்குத் தனியாக 30 வேண்டும். கட்டிய 1,000 ரூபாயும் போச்சு. அந்த ஒரு மார்க் எந்தக் கேள்வியில் போனது என்று இப்போதும் பாத்திரம் கழுவும்போது யோசிக்கிறேன்.

ஸ்டாட்ஸ் அண்ணன்:
கம்பத்துத் தம்பி, அந்த எண் என்ன பாவம் செய்தது? 1970இல் வந்த டேபிள் அது. 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள், 384.16 வரும். பத்து லட்சம் பேர் இருந்தாலும் அவ்வளவுதான். ஆனால் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வாட்ஸ்அப்பில் சிக்கியவர்கள் 384 பேரானாலும் 3,840 பேரானாலும் ஒன்றுதான். அப்புறம், முதலில் ஒரு 30 பேரிடம் கேள்விகளைக் கொடுத்துப் பாருங்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.7க்குக் கீழே இறங்கினால் எந்தக் கேள்வி இடிக்கிறது என்று தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் உங்கள் தலைப்பை ஒட்டிய ஐந்து ஆய்வேடுகளில் ஆய்வு முறையைச் சொல்லும் அத்தியாயத்தை (பெரும்பாலும் மூன்றாவது) மட்டும் படியுங்கள். மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் ஜோட்டிரோ மென்பொருளை இன்றைக்கே போட்டுவிடுங்கள், கடைசி மாதத்தில் மேற்கோள் பட்டியல் அடிக்க உட்கார்ந்தால் அழுகை வரும். என் கதையா? நானும் 384தான் போட்டேன். யாரும் கேட்கவில்லை.

திண்ணைப் பேட்டி:
அண்ணன் சொல்வதெல்லாம் சர்வேக்காரர்களுக்கு. நான் 14 பேரைப் பேட்டி எடுத்தவள்; நான் படித்த பாடத்தில் பேட்டிக்கு ஒரே ஒரு வாரம். தூய்மைப் பணி செய்யும் ஒரு அக்கா ஒப்புதல் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கையெழுத்து போட்டா வேலைக்கு ஏதும் வராதே பாப்பா?" என்றார். ஒப்புதல் என்றால் என்ன என்று வரி தவறாமல் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். அந்தத் திண்ணையில் பதில் வரவில்லை. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் கொடுத்த மோரைக் குடித்தேன்.

கம்பத்துக்காரன்:
அண்ணே, குலுக்க முதலில் உறுப்பினர் பட்டியல் வேண்டுமே! மூன்று தடவை அலைந்துவிட்டேன், "அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். திங்கட்கிழமை கைடிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மறுபடி போகிறேன்.