பழைய கணினியில் கேம் சர்வர்: விண்டோஸ் 10-க்குப் பதிலாக எதை நிறுவலாம்?

மன்னைவாசி:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கும் ஒரு பழைய கணினியில், என் தம்பியும் அவன் வகுப்புத் தோழர்களுமாகப் பன்னிரண்டு பேர் விளையாடும் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நான்காம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ரேம். இதுவரை விண்டோஸ் 10 இருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஓ இந்தச் செயலியை ஏற்பதில்லை.

இன்னொரு தொல்லை மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஐப்பசி மழையில் வரும் மின்தடை எப்போது என்று தெரியாது. சென்ற வாரம் இன்வெர்ட்டருக்கு மாறிய நொடியில் கணினி அணைந்து எழுந்தது. விளையாட்டுக்குள் போய்ப் பார்த்தால், தம்பி மூன்று வாரமாக அங்கே கட்டிய எங்கள் ஊர் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் வடகரையில் சதுரமாக ஒரு துண்டு மட்டும் பழைய காடாக மாறியிருந்தது. லினக்ஸ் வகைகளில் உபுண்டுவா, டெபியனா, வேறு ஏதேனுமா? லினக்ஸைக் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்ததோடு சரி.

குடந்தைக்காரன்:

என் பரிந்துரை டெபியன் 13, அதுவும் டெஸ்க்டாப் எனும் வரைகலைத் திரை இல்லாமல். திரையே இல்லாத நிலையில் அது சில நூறு எம்பி நினைவகத்தில் ஓடும் என்பதால், உங்கள் 8 ஜிபியில் பெரும்பகுதியைச் சர்வரை ஓட்டும் ஜாவா மென்பொருளுக்கே விட்டுவிடலாம். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து டெபியன் 12-ஐ நிறுவிவிடாதீர்கள், மைன்கிராஃப்ட் 1.20.5 முதல் குறைந்தது ஜாவா 21 தேவை, டெபியன் 12-இன் மென்பொருள் களஞ்சியத்தில் இருப்பதோ ஜாவா 17.

சர்வரை எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில் ஓட்டாமல், அதற்கெனத் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, லினக்ஸில் பின்னணி நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் சேவையாக அமையுங்கள். அப்போது கணினியை முறையாக அணைக்கும்போதெல்லாம் சிஸ்டம்டி நிறுத்தக் குறிப்பை அனுப்பும். மைன்கிராஃப்ட் அதை ஏற்று உலகத்தைச் சேமித்துவிட்டுத்தான் வெளியேறும். அப்படி ஒழுங்காக வெளியேறினாலும் ஜாவா 143 என்ற எண்ணைத் திருப்பித் தருவதால், அந்த எண்ணும் வெற்றியே என்று சேவைக் கோப்பில் எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்டு, ஒரு மாலை முழுவதும் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் தெப்பக்குளத்தைக் கெடுத்தது விண்டோஸ் அன்று. கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தால் எந்த இயங்குதளத்திலும் அந்தத் துண்டு சிதையும். படிக்க முடியாத துண்டை விளையாட்டு புதிதாக உருவாக்கிவிடும், அதுதான் நீங்கள் பார்த்த காடு. இன்வெர்ட்டருக்கும் கணினிக்கும் நடுவில் யூஎஸ்பி இணைப்புள்ள சிறிய யூபிஎஸ் ஒன்றை வையுங்கள். உங்களுடையது ஸ்கொயர் வேவ் (சதுர அலை மின்சாரம் தரும்) இன்வெர்ட்டர் என்றால் சில யூபிஎஸ்கள் அந்த மின்சாரத்தை ஏற்காமல் தம் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடும். வாங்குமுன் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்.

நாகைக் கடலோரம்:

குடந்தைக்காரர் சொல்வதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் முதலில் கேட்க வேண்டியது எந்த விளையாட்டு என்பதைத்தான். பையன்கள் கைப்பேசியில் ஆடும் பெட்ராக் பதிப்புக்கு மாறினால், அதன் சர்வரை மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனம் விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் மட்டுமே வெளியிடுகிறது. எனவே உபுண்டு 24.04 வசதி, ஜாவா 21-ம் அதன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. வால்ஹைம், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆகிய விளையாட்டுகள் இரண்டுக்கும் லினக்ஸ் சர்வர் உண்டு, ஆனால் அவற்றை இறக்கித் தரும் ஸ்டீம்சிஎம்டி 32-பிட் நிரல் என்பதால் அதற்கான நூலகங்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆர்க்: சர்வைவல் அசெண்டட் விளையாட்டில் ஆசை வந்தால் அதிகாரபூர்வ சர்வர் விண்டோஸுக்கு மட்டுமே; 8 ஜிபியில் அதை நினைக்கவே வேண்டாம். சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் தொடங்கும் வழிகாட்டியைக் கண்டால் மூடிவிடுங்கள், அதன் ஆதரவு 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டது.

யூபிஎஸ் வாங்கினால், அதன் நிலையைக் கணினியிலிருந்து கண்காணிக்கும் என்யூடி மென்பொருளையும் நிறுவுங்கள். கஜா புயல் வந்த 2018 நவம்பரில் எங்கள் பக்கம் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி இன்வெர்ட்டரும் தீர்ந்துபோகும் நேரத்தில், யூபிஎஸ் பேட்டரி இறங்குவதைப் பார்த்துக் கணினியை முறையாக அணைக்கும் வேலையை என்யூடி செய்யும். மின்சாரம் வந்ததும் கணினி தானே எழ, பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில்) ஓர் அமைப்பை மாற்ற வேண்டும்.

மன்னைவாசி:

இருவருக்கும் நன்றி. டெபியன் 13 நிறுவிவிட்டேன். உலகக் கோப்புறையை அப்படியே நகலெடுத்ததில் எல்லாம் சரியாக வந்தது. நேற்று இரவு தம்பியை விளையாட வைத்துவிட்டு, யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பதினொரு நிமிடம் தாங்கியது, பிறகு பதிவில் "சேவிங் வேர்ல்ட்ஸ்" என்ற வரி வந்து, கணினி தானாக அணைந்தது. பிளக்கைத் திரும்பச் செருகியபோது கணினி எழவில்லை, பயாஸ் அமைப்பை மாற்ற மறந்திருந்தேன், மாற்றியபின் எழுந்தது. வடகரை அப்படியே இருக்கிறது.