எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஊருது சாமி

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் அனுபவத்தைப் பகிரச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது இது.

சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊரில், புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராக ஆறு மாதம் வகுப்பு எடுத்தேன். இடம் மாரியம்மன் கோயில் மண்டபம். வந்தது பதினாலு பெண்கள். பாதிக்கு மேல் தறி வேலை, அதனால் ஏழு மணிக்கு மேல்தான் வகுப்பே தொடங்கும்.

முதல் வாரம் யாருமே புத்தகத்தைப் பார்த்துப் படிக்கவில்லை. நான் சொல்வதைத் திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆர்வமில்லை என்றே நினைத்தேன். அப்புறம் ஒருநாள் ஓர் ஆத்தா புத்தகத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஊருது சாமி" என்றார். அப்போதுதான் உறைத்தது. ஐம்பதை ஒட்டிய வயது, வெள்ளெழுத்து. அவரைப் போல ஒன்பது பேர் இருந்தார்கள். ஈரோட்டுக்குப் போய், ஒன்று 120 ரூபாய் என்று ஒன்பது கண்ணாடி கைக்காசில் வாங்கி வந்தேன். ஆத்தா மாட்டியதும் முதலில் தன் கட்டைவிரலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலமெல்லாம் மையில் தோய்த்த விரல்.

அவர் கைத்தறியில் போர்வை நெய்கிறவர். ஒரு போர்வை முடிந்தால் சுவரில் ஒரு கரிக்கோடு. கூலி நோட்டு எழுதுவது வேறு ஆள். நாலாம் மாதம் நோட்டை வகுப்புக்கே கொண்டுவந்து, விரல் வைத்துக் கூட்டினார். சுவரில் 17, நோட்டில் 15. மறுநாளே கேட்டு வாங்கிவிட்டார். "இத்தன வருசத்துல இப்பிடி எத்தன போச்சோ கண்ணு" என்று அவர் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது.

2022 முதல் 2027 வரை ஐந்தாண்டுக்கு நாடு முழுவதற்கும் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 1,037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 208 ரூபாய்கூட வராது. புத்தகம், பயிற்சி, தேர்வு எல்லாம் இதற்குள். கண்ணாடி வாங்கினாலே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். சொல்லிக் கொடுப்பவருக்கு ஊதியமே இல்லை. 2018-இல் முடிந்த சாக்ஷர் பாரத் எழுத்தறிவுத் திட்டத்திலாவது ஊராட்சிக் கல்வி மையத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் இருந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 73.44 சதவீதம்தான். மிச்சப் பேரை எங்களைப் போன்றவர்களின் நல்ல மனசை மட்டும் நம்பி விடக்கூடாது. சொல்லிக் கொடுப்பவருக்கு மாத ஊதியமும், படிப்பவருக்குக் கண்ணாடியும் அரசு கொடுத்தாக வேண்டும்.

ஏழாம் மாதம் எனக்குப் பெருந்துறையில் வேலை கிடைத்தது. இரவு ஷிப்ட். வகுப்பை எடுத்து நடத்த வேறு ஆள் வரவில்லை.

---

திருப்பூரிலிருந்து நான். மேலே எழுதியவர் சொன்ன கடைசி வரிதான் எங்கள் வீட்டுக் கதையும்.

அம்மா தொண்ணூறுகளில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் படித்தவர். அப்போது பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பாராம். "ஈரோடு" என்பதில் அந்த ஈ ரொம்பப் பிடிக்கும் என்பார். இயக்கம் ஓய்ந்த பிறகு ஊரில் வகுப்பும் இல்லை, படிக்கப் புத்தகமும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மறந்துபோனது. பேர் மட்டும் நின்றது. போன மாதம் பேங்கில் கையெழுத்தை அழகாகப் போட்டார். அப்புறம் அந்தப் படிவத்தை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குதுன்னு பாரு கண்ணு" என்றார்.