புதுப்பிப்பு: யாழ்ப்பாணம் உரும்பிராய் வளவு வேம்பு – தறிப்பதா, விடுவதா?

மதிலோர வேம்பின் அடியில் தட்டுத்தட்டாய்க் காளான் முளைச்சிருக்கு, என்ன செய்யலாம் எண்டு முன்பு கேட்டிருந்தேன். மரம் பார்க்கிற ஐயா ஒருவர் வந்து பார்த்திட்டார்.

உள்ளே உக்கிப்போச்சோ எண்டு பார்க்க மரச்சுத்தியலால் அடியைச் சுற்றித் தட்டினார். ஒரு பக்கம் கணீரெண்டது, மதில் பக்கம் பறை மாதிரி, அதாவது உள்ளே கோறை, வெறும் பொந்து. மெல்லிய துளையிட்டுப் பார்த்ததில், கோறையைச் சுற்றி நல்ல மரத்தின் தடிப்பு தண்டின் ஆரையில் (நடுவிலிருந்து விளிம்பு வரை) மூன்றில் ஒன்றுக்கு மேல் இருக்கு. பொதுவாக அவ்வளவு இருந்தால் தண்டு தாங்கும். ஆனால் அந்தக் கணக்கு தண்டுக்கு மட்டும்தான், வேருக்கில்லை.

பிரச்சினையே வேர்தான். மதில் அத்திவாரத்துக்கு வெட்டின வேர்கள் உக்கிப்போச்சு. எங்கட செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில்தான் ஓடும். மதில் பக்கப் பிடி விட்டால் மரம் சரியிறது எதிர்ப்பக்கம், அதாவது வீட்டுக்கு மேல.

“இலை பச்சையாத்தானே இருக்கு” எண்டு எழுதின அண்ணைக்கு: இலைக்குத் தண்ணி போறது வெளிமரத்தால. உள்மரம் உக்கினாலும் இலை காட்டிக்குடுக்காது.

தறிக்காமல் மேல்கொப்புகளை வெட்டி மொட்டையடிக்கிற யோசனையும் சரிவராது. வெட்டுவாயால் திரும்ப உக்கும், புதுக்கிளையின் பிடிமானமும் பலமில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னம் தறிக்கிறம். அம்மாவுக்கு இன்னும் மனமில்லை. கிணத்தடியில் நிக்கிற மற்ற வேம்பில் பட்ட கொப்புகளை மட்டும் எடுக்கிறம்.