கான்டெஸா 32-க்கு எந்த விண்ட்வேன்?

கான்டெஸா 32 பாய்மரப் படகில் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகளுக்கு, சுமார் 1,200 கடல் மைல், இருவராகப் போகிறோம். படகுக்கு டில்லர்தான், அதாவது சுக்கானைத் திருப்பும் நீளக் கைப்பிடி. இப்போதுள்ள எலக்ட்ரிக் ஆட்டோபைலட் பேட்டரியைக் குடிக்கிறது. பின்னாலிருந்து அலை தள்ளினால் திணறுகிறது, ராத்திரி முழுக்க முனகல் வேறு. அதனால் மின்சாரமே இல்லாமல் காற்றின் திசையை வைத்துப் படகைத் தானாக ஓட்டும் விண்ட்வேன் ஒன்றைத் தேடுகிறோம்.

மானிட்டர் என்ற விண்ட்வேனில் நீருக்குள் ஊசலாடும் துடுப்பு கயிறு வழியாக டில்லரை இழுக்கும். வேகம் கூடினால் பலமும் கூடும், சரி. பின்காற்று மெல்ல வீசும்போது தாக்குப்பிடிக்குமா? ஹைட்ரோவேன் என்ற இன்னொரு வகைக்குத் தனிச் சுக்கான். படகின் சுக்கான் உடைந்தாலும் கைகொடுக்கும். காக்பிட்டில் கயிறும் தடுக்காது. ஆனால் விலை!

அப்புறம், பழைய ஏரீஸ் விண்ட்வேன் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அலுமினிய உடலில் ஸ்டீல் போல்ட் இறங்கும் இடங்களில் வெள்ளையாக அரிப்புப் பூத்திருக்கிறது. கழற்றிச் சரிசெய்ய முடியுமா, விட்டுவிடலாமா? இந்தப் படகின் குறுகலான பின்புறத்தில் எதையாவது பொருத்தியவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.