17 வருட மென்பொருள் வேலை, உசிலம்பட்டியில் ஒரு கேணி: இனி எந்தப் பக்கம் போவது?

கேணிமேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 40. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. கேணி மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் பெட்டி பற்றி ஒரு கேள்வி, என் வேலை பற்றி ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன்.

2007-ல் சென்னையில், பள்ளிப் பாடங்களைக் கணினிக்கு ஆக்கித்தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அசையும் படங்கள் செய்யும் அடோபியின் ஃபிளாஷ் மென்பொருளில், அதன் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மொழியில் நிரல் எழுதும் வேலை. தவளையின் இதயம் துடிப்பதைக் காட்ட ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு பிடித்த வேலை அது. ஐபோன் ஃபிளாஷை ஏற்கவே இல்லை. 2011 நவம்பரில், கைபேசி உலாவிகளுக்கு இனி ஃபிளாஷை வளர்க்கப்போவதில்லை என்று அடோபியே அறிவித்தது. அதற்கடுத்த ஆண்டு எங்களுக்குப் புதிய பாடம் எதுவும் வரவில்லை. ஜாவா படித்து ஆண்ட்ராய்டுக்கு மாறினேன். 2017-ல் கூகுள் காட்லின் மொழியை ஏற்றதும் மறுபடி படிப்பு. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷின் கதை முடிந்தது. என் தவளைப் பாடத்தை இன்று என் மகளுக்குத் திறந்து காட்ட முடியவில்லை.

ஊரடங்கில் ஊருக்கு வந்தவன், இங்கிருந்தே வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் நாட்களில், 2 மணிக்கு டார்ச்சோடு கால் கிலோமீட்டர் வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போடுவார். ஒருநாள் மோட்டார் அறை வாசலில் கண்ணாடி விரியன் கிடந்தது. மறுநாளே, வீட்டிலிருந்து கைபேசியிலேயே மோட்டாரைப் போட ஒரு கருவி செய்ய உட்கார்ந்துவிட்டேன்.

ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, அது சொன்னால் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ரிலே ஒன்று, சிம் போட்ட சிறு ரவுட்டர், கேணியின் நீர்மட்டம் பார்க்க ஒலி உணரி. தண்ணீர் 4 மீட்டருக்குக் கீழே போனதும் ஒலி உணரி தடுமாறியது. குழாயிலும் கேணிச் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. அதை எடுத்துவிட்டு, நீருக்குள் இறக்கும் அழுத்த உணரி வாங்கினேன். 24 வோல்ட்டில் ஓடுவது, 4 முதல் 20 மில்லியாம்பியர் தருவது. தண்ணீர் வற்றினால் 4 காட்டும், எலி வயரைக் கடித்துவிட்டால் பூஜ்யம் காட்டும். இப்படி யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

வீட்டு மேசையில் இரண்டு மாதம் பிசகாமல் ஓடியது. தோட்டத்தில் வைத்தால், ரிலே ஸ்டார்ட்டரை இழுத்து 5 எச்பி மோட்டார் எடுக்கும் நொடியில் பலகை அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நான்கு தடவையில் ஒரு தடவையாவது இப்படி ஆகிறது. என்ன காரணம்?

இரண்டாவது கேள்வி. நிறுவனம் இப்போது வாரம் மூன்று நாள் நேரில் வரச் சொல்கிறது. வேலையை விட்டுவிட்டு, இந்தக் கருவித் துறைக்கே வந்துவிடலாமா? சம்பளம் பாதியானாலும் ஓராண்டு சமாளிப்பேன். மனைவிக்கும் சம்மதம்.

மேலூர் பட்டறை எழுதியது:

தம்பி, 30 வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். வேலை பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, ஸ்டார்ட்டர் பற்றிச் சொல்கிறேன்.

மெயினை இறக்கிவிட்டு, மூடியைக் கழற்றி, ஸ்டார்ட்டரை இழுத்துப் பிடித்திருக்கும் நோ-வோல்ட் காயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்து ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் 415 வோல்ட் காயில்தான். மும்முனையில் இரண்டு முனைக்கு, அதாவது இரண்டு ஃபேஸுக்கு நடுவே நிற்கும். உங்கள் சின்ன ரிலேயின் தலையில் 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அதைக் கொண்டு 415-ஐப் போட்டு எடுத்தால் உள்ளே பொறி பறக்கும். இன்றைக்குப் பலகை அணைவதோடு போகிறது. ஒருநாள் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது, கேணி வற்றிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

உணரிக்கு 24 வோல்ட் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதே 24 வோல்ட் காயில் உள்ள சிறு கான்டாக்டர் ஒன்றை, அதாவது பெரிய வோல்ட்டேஜைத் தாங்கும் ரிலே போன்ற ஒன்றை, நடுவில் போடுங்கள். ரிலே அதை இழுக்கட்டும், அது 415-ஐப் பார்த்துக்கொள்ளும். மோட்டார் நேரடியாக எடுக்கும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும். லைனில் வோல்ட்டேஜ் படுத்துவிடும். பலகைக்குத் தனியாக பேட்டரி கொடுங்கள். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவெண்டரைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் அப்பா கையால் அமுக்கும் பச்சை, சிவப்புப் பொத்தான்களும் அப்படியே இருக்க வேண்டும். பெட்டியின் வயர் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். என்னிடம் கருகி வருகிற ஸ்டார்ட்டர்கள் பலவற்றுக்குள் பல்லி செத்துக் கிடக்கும்.

பரங்குன்றம் எழுதியது:

அண்ணே, 12 வருடமாகக் கோவையில் இதே துறையில் இருக்கிறேன். பட்டறை ஐயா சொன்னது முற்றிலும் சரி. அந்த 24 வோல்ட் நேர்மின் (டிசி) காயிலின் குறுக்கே, மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போடுங்கள். 415 மாறுமின் (ஏசி) காயிலில் மட்டும் டயோடு போட்டுவிடாதீர்கள், அது நேரே ஷார்ட் ஆகும். பலகை ஏன் மறுபடி தொடங்கியது என்பதை அதனிடமே கேட்கலாம். மின்னழுத்தம் சரிந்ததா, நிரல் மாட்டிக்கொண்டதா என்று நிரலுக்குள்ளேயே படித்துப் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஊகிக்கும் முன் அதைப் பாருங்கள்.

உணரி தரும் மின்னோட்டத்தைப் பலகை வோல்ட்டாக அளக்க 150 ஓம் மின்தடை போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் 0.6 முதல் 3.0 வோல்ட் வரும். ஈஎஸ்பி32 மேல்முனையில் கோணலாக அளக்கும். 120 ஓம் போட்டால் 2.4-ல் நின்றுவிடும், அளவு சீராக இருக்கும்.

வேலை பற்றி: உங்களுக்கு இப்போது தேவை சி மொழி. இந்தச் சில்லுக்குள் இருக்கும் நினைவகம் 520 கிலோபைட்தான். ஆண்ட்ராய்டில் பழகிய தாராளம் இங்கே செல்லாது. ஆனால் நீங்கள் முதலிலிருந்து தொடங்கவில்லை. கருவியும் தெரிந்து, அதோடு பேசும் கைபேசிச் செயலியும் எழுதத் தெரிந்தவர் எங்களுக்குக் கிடைப்பது அரிது. வேலையை விடும் முன், இதே கருவியை அடுத்தவர் தோட்டத்தில் ஒரு பருவம் வைத்துப் பாருங்கள். சொந்தத் தோட்டத்தில் பழுதானால் நீங்களே ஓடிப்போய்ச் சரிசெய்துவிடுவீர்கள். அடுத்தவர் தோட்டத்தில், நீங்கள் சென்னையில் இருக்கும் நாளில்தான் அது நிற்கும். அதையும் சமாளித்துவிட்டால் தைரியமாக வாருங்கள்.

இலந்தைக்குளம் எழுதியது:

சகோதரரே, நான் 2019-ல் வேலையை விட்டவள். அடுத்த வேலை கிடைக்க 14 மாதம் ஆனது, அதனால் ஓராண்டுக் கணக்கை நம்பாதீர்கள். இன்னொன்று. அப்பாவின் மருத்துவக் காப்பீடு உங்கள் நிறுவனத்தின் வழியாக இருந்தால், நீங்கள் விலகும் நாளோடு அதுவும் போய்விடும். தனியாக எடுக்கப்போனால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். எங்கள் அம்மாவின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குச் சேமிப்பிலிருந்துதான் கட்டினேன். முதலில் பாலிசியை எடுங்கள், ராஜினாமாவைப் பிறகு எழுதலாம்.

கேணிமேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூடியைத் திறந்து பார்த்தேன், 415தான். மின்னழுத்தச் சரிவு என்று பலகையும் சொன்னது. மதுரைக்குப் போய் 24 வோல்ட் கான்டாக்டர் வாங்கி மாட்டி 11 நாள் ஆகிறது. ஒரு தடவைகூடப் பலகை அணையவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா இரண்டாவது கருவியை வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அப்பாவுக்கான பாலிசிக்கு விண்ணப்பித்துவிட்டேன். அதுவரை ஞாயிறு இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, புதன் இரவு திரும்புவேன். சி மொழியை ரயிலில் படிக்கிறேன்.

நேற்று இரவு 2 மணிக்கு அப்பா கட்டிலில் இருந்தபடியே கைபேசியை அமுக்கினார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். கட்டளை போனதை மட்டும்தான் என் செயலி காட்டுகிறது. மோட்டார் உண்மையில் எடுத்ததா என்று காட்டுவதில்லை. வயரைச் சுற்றிக் கவ்வும் மின்னோட்ட உணரி ஒன்று போடலாம் என்றிருக்கிறேன். ஒரு ஃபேஸில் போட்டால் போதுமா, மூன்றிலும் வேண்டுமா ஐயா?